சுவா ஏரி உறைவதைப் பார்க்கப் போகலாமா? அந்தச் சின்ன ஊரில் வேறு என்ன இருக்கிறது?

ஜனவரி கடைசியில் டோக்கியோவில் வேலை முடிந்தபின் உங்களுக்கு இரண்டு நாள் கையில் இருக்கிறது. ஜப்பானின் சுவா என்ற ஏரிக்கரை ஊரில் ஏரி உறைந்து, அதன்மேல் கடவுள் நடந்த தடம் எழும்பும் என்று படித்திருக்கிறீர்கள். அதைப் பார்க்கப் போகலாமா, அவ்வளவு சின்ன ஊரில் வேறு என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தடம் தெரியுமா என்பது ஒன்று. 50,000 பேர்கூட இல்லாத ஒரு மலையூர் ஏன் இத்தனை பேசப்படுகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். தடத்தை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். 2018 பிப்ரவரியில் எழும்பியதற்குப் பிறகு 2025 குளிர்காலம் வரை ஒருமுறைகூட அது எழும்பவில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். அந்த ஊரின் கோயில், கோட்டை, தொழில், குளியல், மது எல்லாமே ஏரியோடும் அதைச் சூழ்ந்த குளிரோடும் பிணைந்தவை. ஏரிகளின் நீரியல் நான் பல ஆண்டுகளாகப் படித்துவரும் துறை என்பதால் ஏரியிலிருந்தே தொடங்குகிறேன்.

சுவா ஏரி நாகானோ மாநிலத்தின் நடுவில், கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜப்பானின் நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் பிளக்கும் இரண்டு பெரிய பிளவுக்கோடுகள் இங்கேதான் சந்திக்கின்றன. அந்தப் பிளவுகளின் அசைவில் நிலம் விலகித் தாழ்ந்த பள்ளத்தில் தேங்கிய நீர்தான் ஏரி. பரப்பு ஏறக்குறைய 13 சதுர கி.மீ., சுற்றளவு 16 கி.மீ. ஆழமோ அதிகபட்சம் 7 மீட்டர் அளவுதான். இந்த ஆழக்குறைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல விஷயங்களுக்கு அதுவே காரணம். ஏரிக்குள் 31 ஆறுகளும் ஓடைகளும் வந்து விழுகின்றன. வெளியேறுவது தென்ரியூ ஆறு ஒன்றுதான். மேற்குக் கரையில் ஒகாயா நகரத்தில் இருக்கும் கமகுச்சி மதகு வழியாகக் கிளம்பி, 213 கி.மீ. ஓடிப் பசிபிக் கடலில் கலக்கிறது. வரத்து அத்தனை, போக்கு ஒன்று என்றால் பெருமழையில் என்ன ஆகும் என்று ஏரிக்கரையில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006 ஜூலையில் ஏரி நிரம்பி சுவாவின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. முதல் மதகு 1936-இல் கட்டப்பட்டது, இப்போதிருப்பது 1988-இல் முடிந்தது. கரையை மூன்று உள்ளாட்சிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன: கிழக்கிலும் தெற்கிலும் சுவா நகரம், வடக்கில் ஷிமோசுவா சிற்றூர், மேற்கில் ஒகாயா. பயணம் போகிறவர்கள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அந்தத் தடம். ஜப்பானியர் ஓமிவதாரி என்கிறார்கள். ஆழமான ஏரி குளிர்காலத்தில் லேசில் உறையாது. நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும் என்பதால், மேற்பரப்பு குளிரக் குளிர அந்த நீர் கீழே இறங்கி, அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வந்துகொண்டே இருக்கும். மொத்த நீரும் 4 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் மேற்பரப்பு உறையத் தொடங்கும். சுவா ஆழமற்றது என்பதால் இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் காற்றில்லாமல், இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியை ஒட்டிச் சில நாள் தொடர்ந்து நின்றால் ஏரி முழுதாக மூடிக்கொள்ளும். பனித்தட்டு 10 செ.மீ. அளவுக்குத் தடித்தபின் அடுத்த கட்டம். இரவுக் குளிரில் தட்டு சுருங்கும். சுருங்கும்போது விரிசல் விடும். விரிசலுக்குள் நீர் ஏறி உடனே உறையும். காலை வெயிலில் தட்டு மறுபடி விரியும். ஆனால் விரிசல் இப்போது புதுப் பனியால் அடைபட்டிருக்கிறது, விரிய இடமில்லை. ஒரு கி.மீ. நீளப் பனி 10 டிகிரி சூடேறினால் அரை மீட்டர் நீளும் என்பது கணக்கு. தட்டின் அடிப்பக்கம் எப்போதும் உறைநிலையிலேயே இருப்பதால் உண்மையில் நீள்வது அதைவிடக் குறைவு. ஆனாலும் ஏரியின் அகலம் சில கி.மீ. இருப்பதால் தள்ளுவிசை பெரிது. பலவீனமான கோட்டில் பனி உடைந்து, தட்டுத்தட்டாக மேலே நிமிர்ந்து, கரையிலிருந்து கரைக்கு ஒரு வரப்பு எழும்புகிறது. உயரம் சில சமயம் முழங்கால் அளவு, நல்ல ஆண்டுகளில் அதற்கும் மேல். எழும்பும்போது பெரிய உறுமல் கேட்கும். இது எழும்பாமல் போகவும் காரணங்கள் பல. பனித்தட்டு மெலிந்திருந்தால் வரப்பாக நிமிராமல் நொறுங்கிப் போகும். ஏரி உறைந்தவுடன் மேலே கனத்த பனிமழை பெய்து மூடிவிட்டால், அது போர்வையாகி இரவு பகல் வெப்பநிலை வித்தியாசத்தைத் தடுத்துவிடும். வானம் தெளிந்த, காற்றடங்கிய, மழையில்லாத கடுங்குளிர் தொடர்ந்து கிடைக்க வேண்டும். அது கிடைப்பதுதான் இப்போது அரிது.

ஊர்க்கதை வேறு. ஏரியின் தென்புறம் மேல்கோயில், வடபுறம் கீழ்க்கோயில். மேல்கோயிலின் ஆண் தெய்வம் தக்கேமினகதா, வடகரையில் இருக்கும் தன் மனைவி யசகதோமேயைப் பார்க்க இரவில் ஏரியைக் கடந்து நடந்த தடம் அது என்பார்கள். வியப்பு என்னவென்றால் இந்த நம்பிக்கைதான் உலகத்தின் மிக நீண்ட பருவநிலைப் பதிவுகளில் ஒன்றைத் தந்திருக்கிறது. 1443 முதல் ஏரி எந்த நாள் உறைந்தது, தடம் எந்தத் திசையில் ஓடியது என்று கோயில் பூசாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பொறுப்பு சுவா நகரத்திலுள்ள யத்சுருகி கோயிலுடையது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை பூசாரியும் ஊர்க்காரர்களும் தினமும் விடியுமுன் கரைக்கு வந்து காற்றின் வெப்பநிலையும் நீரின் வெப்பநிலையும் பார்ப்பார்கள். பனி இருந்தால் உடைத்துத் தடிமன் அளப்பார்கள். தடம் எழும்பினால் கரையில் சடங்கு செய்து, வரப்புகளின் திசையை வைத்து அந்த ஆண்டின் விளைச்சலையும் மழையையும் கணித்து அறிவிப்பார்கள். எழும்பாவிட்டால் 'திறந்த கடல்' என்று எழுதி ஏட்டை மூடுவார்கள். எழும்பாததையும் எழுதி வைத்தார்கள் என்பதே இந்தப் பதிவின் உயிர். அறிவியலுக்கு இல்லாமையின் பதிவு, இருப்பின் பதிவைப் போலவே முக்கியம்.

இதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். பதிவின் முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றுதான்; 1955-க்கும் 2004-க்கும் இடையே 12; 2005 முதல் 2014 வரையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து. இது 2016-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் உள்ள கணக்கு, இதை நம்பலாம். ஆனால் 'ஆறு நூற்றாண்டு இடையறாத ஒரே அளவீடு' என்று சொல்வது சற்று மிகை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான குறிப்புகள் பல கைகளிலிருந்து வந்தவை. ஒரே சீராக எடுக்கப்பட்டவை என்று கொள்ள முடியாது. அதேபோல, உறையாமைக்குப் புவி வெப்பமடைவது முதன்மைக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என்றாலும் கரையோரக் கட்டடங்கள், ஏரிக்குள் சேரும் வெந்நீர், ஏரியின் பரப்பு குறைந்தது, தூர்வாரியது போன்ற உள்ளூர் மாற்றங்களின் பங்கைத் தனியே பிரித்துச் சொல்வது கடினம். பத்து விழுக்காடு இது, இருபது விழுக்காடு அது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். 2010-க்குப் பிறகு தடம் எழும்பிய ஆண்டுகள் 2012, 2013, 2018 என்று தனித்தனியாக எண்ணிவிடும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. உங்கள் ஜனவரிப் பயணத்தை இதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கோயில் பக்கம் வருவோம். சுவா தாய்ஷா என்பது ஒரு கோயில் அல்ல, நான்கு. மேல்கோயிலின் மூலக்கோயிலான ஹொன்மியா சுவா நகரத்தில்; முன்கோயிலான மயேமியா பக்கத்து சினோ நகரத்தில்; கீழ்க்கோயிலின் வசந்தகாலக் கோயிலும் இலையுதிர்காலக் கோயிலும் ஷிமோசுவாவில். ஹொன்மியாவில் நம் கண் தேடும் கருவறைக் கட்டடம் இல்லை. பின்னாலிருக்கும் மலைக்காடே வழிபாட்டுக்குரியது. ஒவ்வொரு கோயிலின் நான்கு மூலையிலும் பட்டை உரித்த ஒரு மரத்தூண் நிற்கும். மொத்தம் 16 தூண்கள். இவற்றை மாற்றுவதுதான் ஒன்பஷிரா திருவிழா. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, ஜப்பானிய ஆண்டுச் சுழற்சியில் புலி ஆண்டிலும் குரங்கு ஆண்டிலும் வரும். கடைசியாக 2022-இல் நடந்தது, அடுத்தது 2028. மிகப் பெரிய தூண் ஏறக்குறைய 17 மீட்டர் நீளம், 10 டன்னுக்கும் மேல் எடை. சக்கரம் கிடையாது, கயிற்றைப் பிடித்து ஊரே சேர்ந்து இழுக்கும். ஏப்ரலில் மலையிலிருந்து இறக்குவார்கள், மேல்கோயில் மரங்கள் கடக்கும் தூரம் 20 கி.மீ. அளவு. செங்குத்துச் சரிவில் மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்தபடியே அதைச் சறுக்கிவிடுவார்கள். பனி உருகி வந்த ஆற்று நீரில் இறக்கிக் கடத்துவார்கள். உயிர்ச்சேதம் நேர்ந்த திருவிழாக்களும் உண்டு. 2022-இல் கொரோனா காரணமாக மலையிறக்கத்தை லாரியில் முடித்து, மே மாதத்தில் ஊருக்குள் இழுப்பதை மட்டும் கையால் செய்தார்கள். இந்தத் தூண்கள் எதற்கு என்ற கேள்விக்குத் தீர்ந்த பதில் இல்லை. எல்லைக்கல் போல என்பார் சிலர், தெய்வம் இறங்கும் மரம் என்பார் சிலர், பழைய கோயில் கட்டடத்தின் மிச்சம் என்பாரும் உண்டு. வழிகாட்டிகள் அவற்றில் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கோயிலின் நான்கு தூண்களும் ஒரே உயரமில்லை, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒன்றரை மீட்டர் குறையும். ஹொன்மியாவில் முதல் இரண்டைத்தான் எளிதில் நெருங்கலாம்; மயேமியாவில் நான்கையும் சுற்றிவந்து அருகில் பார்க்கலாம். கூட்டமும் அங்கே குறைவு. நான்கு கோயில்களில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மயேமியாவையே சொல்வேன்.

இந்த மேல்கோயிலின் தலைமைப் பூசாரிக் குடும்பம்தான் ஊரை ஆண்ட சுவா குலம். 1542-இல் பக்கத்து நாட்டுப் போர்த்தலைவர் தக்கேதா ஷிங்கென் அவர்களை வீழ்த்தினார். பின்னர் ஜப்பானை ஒன்றிணைத்த ஹிதெயோஷியின் ஆளான ஹினெனோ தக்கயோஷி 1592-இல் தொடங்கி 1598 வரை ஏரிக்கரையில் தக்காஷிமா கோட்டையைக் கட்டினார். 1601-இல் சுவா குலம் திரும்பிவந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி காலம் தொடங்கும் வரை ஆண்டது. கோட்டை அன்று ஏரி நீருக்குள்ளேயே நின்றது, மிதக்கும் கோட்டை என்று பெயர். சதுப்பு மண்ணில் கல் இறங்கிவிடாமலிருக்க மரத்தடிகளைத் தெப்பம்போல் பிணைத்துப் போட்டு அதன்மேல் மதில் எழுப்பினார்கள். கூரைக்கு ஓடு போடாமல் மரச்சில்லு வேய்ந்தார்கள். எடையும் குறையும், குளிரில் ஓடு வெடிக்கும் தொல்லையும் இல்லை. இன்று கோட்டைக்கும் கரைக்கும் நடுவே தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன, காரணம் வயலுக்காக ஏரியைத் தூர்த்தது. நீங்கள் பார்க்கப்போகும் மேல்மாடக் கட்டடம் 1970-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. பழையதை 1875-இல் இடித்துவிட்டார்கள். மதிலும் அகழியும்தான் அசல். ஒருமணி நேரம் போதும்.

சுவாவைக் கீழை நாட்டுச் சுவிட்சர்லாந்து என்பார்கள். மலை, தூய காற்று, தெளிந்த நீர் இருந்ததால் கடிகாரத் தொழில் வந்தது என்று விளக்கமும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வரலாறு காட்டும் வழி வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஏரியைச் சுற்றி, முக்கியமாக ஒகாயாவில், பட்டு நூற்பாலைகள் பெருகின. ஆலைப் பெண்களுக்குச் சோறு போட மிசோ என்ற புளித்த சோயாக் கூழைப் பெரிய அளவில் தயாரித்தார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவுக்கு இங்கிருந்து மிசோ போனது. அதனால் அந்தத் தொழிலும் வேரூன்றியது. 1929-க்குப் பிறகு உலக மந்தத்தில் பட்டு சரிந்தது. காலியான ஆலைகளும் கைத்திறன் கொண்ட வேலையாட்களும் மிஞ்சினர். போர்க்காலத்தில் டோக்கியோத் தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்குப் பயந்து மலைநாட்டுக்கு இயந்திரங்களை நகர்த்தின. 1942-இல் யமசாகி ஹிசாவோ, மிசோக் கிடங்கு ஒன்றை மாற்றியமைத்து தாய்வா கோக்யோ என்ற கடிகார உதிரிபாகப் பட்டறையைத் தொடங்கினார். சீக்கோ கடிகார நிறுவனத்தின் பிரிவும் சுவாவுக்கு இடம்பெயர்ந்தது. 1959-இல் இரண்டும் இணைந்து சுவா செய்க்கோஷா ஆயின. 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த நிறுவனம்தான். விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்ன காரின் விலை. மாதத்துக்கு 5 நொடிதான் முன்பின் போகும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் நேர அளவீட்டுக்கு இந்தக் குழுமம் செய்த அச்சிடும் கருவியிலிருந்து கிளைத்ததுதான் 1968-இல் வந்த சிற்றச்சுப்பொறி. எப்சன் என்ற பெயர் அதன் வழிவந்தது, தலைமையகம் இன்றும் சுவாவிலேயே இருக்கிறது. 2022-இல் அவர்கள் திறந்த அருங்காட்சியகத்தில் இந்த வரிசையை முறையாகப் பார்க்கலாம். போவதற்குமுன் பார்வை நாளையும் முன்பதிவு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, காற்றும் நீரும் உதவியிருக்கலாம்; ஆனால் தொழிலைக் கொண்டுவந்தது பட்டின் வீழ்ச்சியும் போரும்தான்.

அந்த வளர்ச்சிக்கு ஏரி விலை கொடுத்தது. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஆழமற்ற ஏரியில் சேர்ந்ததால் 1960-களிலிருந்து கோடைதோறும் பச்சைப் பாசி பெயின்ட் ஊற்றியதுபோல் படர்ந்தது, கரையில் நிற்க முடியாத நாற்றம். ஏரியைச் சுற்றிவளைத்த கழிவுநீர்த் திட்டம் 1979-இல் இயங்கத் தொடங்கியது. அதில் ஒரு புத்திசாலித்தனமான முடிவு எடுத்தார்கள்: சுத்திகரித்த நீரைக்கூட ஏரியில் விடாமல் குழாய் வழியாகக் கமகுச்சி மதகுக்கே கொண்டுபோய் ஆற்றில் விட்டார்கள். சுத்திகரித்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம் மிஞ்சும், அது மறுபடி பாசிக்கு உணவாகும் என்பதால். 1990-களின் இறுதியில் பாசி கண்கூடாகக் குறைந்தது. ஆனால் நீர் தெளிந்ததும் வெளிச்சம் அடிவரை போய், ஹிஷி என்ற மிதவைக் கொடி ஆழம் குறைந்த கரையோரம் எங்கும் படர்ந்தது. அது அழுகும்போது அடிநீரின் பிராணவாயு தீரும். 2016 ஜூலையில் வகசாகி மீன்கள் பெருந்திரளாகச் செத்து மிதந்தன, காரணம் பிராணவாயுக் குறைவு. வகசாகி விரல் நீள வெள்ளி மீன். 1910-களில் கசுமிகவுரா ஏரியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. பிற்பாடு சுவாதான் ஜப்பானின் பல ஏரிகளுக்கு இந்த மீனின் முட்டையை அனுப்பும் ஊராக ஆனது. அதனால் அந்தச் சாவு ஒரு ஏரியோடு நிற்கவில்லை. இப்போது படகு இயந்திரத்தால் ஹிஷியை வெட்டி வாருகிறார்கள். ஏரிச் சீரமைப்பு என்றால் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் சுவாவின் கதையைப் படிக்க வேண்டும். ஒரு தொல்லை தீரும் இடத்தில் அடுத்தது முளைக்கிறது. கழிவுநீர் நிலையத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே எரித்த கசட்டுச் சாம்பலில் டன்னுக்கு 1,890 கிராம் தங்கம் இருப்பதாக 2009-இல் தெரியவந்தது. நல்ல தங்கச் சுரங்கத்தின் தாதுவில்கூட டன்னுக்குச் சில பத்து கிராம் கிடைத்தாலே பெரிது. முலாம் பூசும் துல்லியத் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதே காரணமாகச் சொல்லப்பட்டது, வெந்நீர் ஊற்றுகளின் பங்கும் இருக்கலாம்.

வெந்நீர் ஊற்றுகள் அந்தப் பிளவுக்கோடுகளின் கொடை. சுவா நகரத்தின் நிலையமான கமிசுவா ரயில் நிலைய நடைமேடையிலேயே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஆனால் தவறவிடக்கூடாதது கதகுராகான். பட்டு முதலாளி இரண்டாம் கதகுரா கனெதாரோ, மேலை நாடுகளில் மக்களுக்கான பொதுக் குளியல் மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்து, 1928-இல் ஊருக்காகக் கட்டிய குளியல் மாளிகை அது. ஆயிரம் பேர் குளம் என்று பெயர், உண்மையில் நூறு பேர் நிற்கலாம். ஆழம் 1.1 மீட்டர், அடியில் கூழாங்கல் பரப்பியிருக்கும், நின்றபடியே குளிப்பார்கள். குழந்தை கூட வந்தால் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள். 2011 முதல் அது நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்து. ஜப்பானியப் பொதுக் குளியலில் ஆண் பெண் தனித்தனி, உடையின்றித்தான் இறங்க வேண்டும், முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டுத்தான் குளத்துக்குள் கால் வைக்க வேண்டும். துண்டு நீரில் படக்கூடாது. கூச்சமாக இருந்தால் மாலை நெரிசலைத் தவிர்த்துக் காலையில் போங்கள்.

நிலையத்துக்குக் கிழக்கே பழைய கோஷு நெடுஞ்சாலையில் அரை கி.மீ. தூரத்துக்குள் சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் ஐந்து வடிசாலைகள் வரிசையாக இருக்கின்றன. கிரிகமினே மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் நிலத்தடி நீரும் குளிரும் சாக்கேக்கு ஏற்றவை. 1662-இல் தொடங்கிய மசுமி வடிசாலையில்தான் 1946-இல் ஏழாம் எண் ஈஸ்ட் கண்டெடுக்கப்பட்டது. ஜப்பான் முழுதும் எண்ணற்ற வடிசாலைகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. குடிக்காதவர்களுக்கும் அந்தத் தெரு நடக்க நன்றாக இருக்கும். கரையில் சன்ரிட்சு ஹத்தோரி அருங்காட்சியகத்தில் ஹொன்அமி கோயெத்சு செய்த, ஃபுஜி மலையின் பெயர் தாங்கிய தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. நாட்டின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை. கிடாசாவா அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைப்பொருட்கள் நன்றாக இருக்கும். நமக்குப் பழகிய ஒரு பெயரும் இந்த ஊரிலிருந்து வந்ததே. வங்கக்கடலில் இரண்டு புயல்கள் ஒன்றையொன்று சுற்றும்போது நம் செய்திகளில் 'ஃபுஜிவாரா விளைவு' என்பார்களே, அதை 1921-இல் விளக்கிய வானிலையாளர் ஃபுஜிவாரா சக்குஹெய் 1884-இல் சுவாவில் பிறந்தவர்.

இனி உங்கள் இரண்டு நாள். ஷின்ஜுக்குவிலிருந்து அசுசா விரைவு ரயிலில் கமிசுவாவுக்கு இரண்டேகால் மணி நேரம் அளவு. அதில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கானவை, சனி ஞாயிறென்றால் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். ஏரியை ஒட்டிய பகுதியில் தண்டவாளம் ஒற்றைப் பாதை என்பதால் பனி பெய்யும் நாளில் ஒரு ரயில் தாமதமானால் பின்னால் வருவதெல்லாம் தாமதமாகும். திரும்பும் நாளில் விமானத்தை இறுக்கிப் பிடித்துத் திட்டமிடாதீர்கள். முதல் நாள் நண்பகலில் இறங்கி கோட்டை, வடிசாலைத் தெரு, கதகுராகான் என்று நடந்தே முடிக்கலாம், எல்லாம் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள். மாலையில் டாக்சி எடுத்து 934 மீட்டர் உயரத்திலுள்ள தத்தேய்ஷி பூங்காவுக்கு ஏறிவிடுங்கள். ஏரி முழுதும் அங்கிருந்து தெரியும். ஜனவரியில் அந்த ஏற்றத்தை நடந்து ஏற வேண்டாம், சாலையில் உறைபனி வழுக்கும். இறங்கவும் டாக்சியை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் கோயில்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் ஷிமோசுவா நிலையத்தருகே சுவா தாய்ஷா என்று பார்த்து அங்கே இறங்குவார்கள். மேல்கோயில் ஏரியின் மறுபக்கம் என்பது பிறகுதான் தெரியும். மேல்கோயிலுக்கு சினோ நிலையத்தில் இறங்கி டாக்சியில் மயேமியா போய், அங்கிருந்து ஹொன்மியாவுக்கு ஒன்றரை கி.மீ. நடந்துவிடலாம். நகரப் பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி வராது. மதியத்துக்குப் பின் ரயிலில் ஷிமோசுவா போனால் கீழ்க்கோயில்கள் இரண்டும் நடக்கும் தூரம். விடிகாலை வெப்பநிலை மைனஸ் 5-லிருந்து மைனஸ் 10 வரை போகலாம் என்பதால் பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட காலணியும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம். ஏரி உறைந்திருந்தாலும் பனிமேல் இறங்காதீர்கள். வெந்நீர் ஊறும் இடங்களில் பனி கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்திருக்கும். வகசாகி பிடிக்க ஆசையென்றால் கூரை போட்ட மிதவைப் படகுகள் இருக்கின்றன. சிறு உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும், இரவுச் சாப்பாட்டை விடுதியிலேயே சொல்லிவைப்பது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் மிசோ சூப்பிலும் சோபா என்ற நூடுல்ஸின் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி தவிர வேறு மாதம் மாற்ற முடியும் என்றால் ஜூலை நடுவில் போகலாம், கிரிகமினேயில் மஞ்சள் அல்லிகள் பூக்கும் காலம். மான்கள் தின்றுவிடுவதால் மின்வேலி கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஏரிமேல் நடக்கும் வாணவேடிக்கை 1949-இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. மலைகள் சூழ்ந்த பள்ளமாதலால் வெடிச்சத்தம் எதிரொலித்து நெஞ்சில் வந்து மோதும். அன்றைக்கு மட்டும் தங்கும் இடம் உறுதியாகாமல் போகாதீர்கள். முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே நிலையத்துக்கு, அதே ஒற்றைப் பாதைக்கு வந்து சேரும். மணிக்கணக்கில் வரிசையில் நிற்க நேரும். ஆகஸ்டின் மற்ற பல இரவுகளிலும் பத்துப் பதினைந்து நிமிட வாணவேடிக்கை நடப்பது வழக்கம், அந்த ஆண்டின் அட்டவணையை நகரச் சுற்றுலா அலுவலகத்திடம் கேட்டு அதில் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டால் நெரிசல் இல்லாமல் பார்த்துவிடலாம்.